கண்ணகி கோட்டமும் வாச்சாத்தியும்

சித்திரைப் பௌர்ணமியன்று பளியங்குடி வழியே மலையேறிக் கண்ணகி கோட்டத்தை வணங்கி வருவது, தேவாரம், போடி, கம்பம் பகுதியினராகிய நம்மிடையே உள்ள வழக்கம். அப்போதெல்லாம் சிலம்பின் செய்தியொன்று நம் சிந்தையில் எழும். கோவலனை வெட்டியது அரசனன்று. ஊர்காவலருள் ஒருவனின் வாள். ஆயினும் பழியைத் தன்மேல் ஏற்று உயிர்நீத்தவன் பாண்டியன். வெட்டியவனைப் பற்றிப் பின்னர்ப் பேச்சே இல்லை.

வாச்சாத்தியில் நிகழ்ந்தது வேறு. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரச் சிற்றூர் அது. 1992 சூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் புகுந்தனர். மக்கள் அடிபட்டனர், வீடுகள் சிதைந்தன, 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர். மலைவாழ் மக்கள் சங்கம் போராடியது. உயர்நீதிமன்ற ஆணைப்படி சி.பி.ஐ. விசாரித்தது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புரைத்தபோது அவருள் 54 பேர் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரும் தண்டனை பெற்றனர். அவர்களில் காவல்துறையினர் 84 பேர்.

அத்தீர்ப்பைப் பற்றி வகுப்பில் பேசியபோது மாணவி ஒருத்தி கேட்டாள்: “வெட்டியவர்கள் சரி, மேலே இருந்தவர்கள், ஐயா?”

நம்மிடம் அன்று விடையில்லை. 2023இல், அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டது.

பாண்டியன் அவையில் ஒரு பொழுதில் கிடைத்த விடைக்கு வாச்சாத்திப் பெண்கள் 31 ஆண்டுகள் காத்திருந்தனர். அதையும் ஆண்டவர் எவரும் தாமாகச் சொல்லவில்லை. நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.