வியாழனை அளந்தவர்கள்

ஞாயிற்றிலிருந்து வியாழன் சராசரியாக 77 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளையும் ஒப்பிக்கும் கணக்குத்தான். ஆனால், தோழர்களே, இதை அளந்தவர் யார்? எந்தக் கோல் கொண்டு அளந்தனர்?

‘குரு பெயர்கிறார், பலன் இது, பரிகாரம் இது’ என்று பட்டியல் படிப்போருக்கு இந்தக் கேள்வி தேவைப்பட்டதில்லை. ஏறத்தாழ 12 ஆண்டுகளில் அக்கோள் வானத்தை ஒருமுறை வலம்வருகிறது என்பது உண்மை. இரவிரவாகக் கண்விழித்துப் பார்த்த முன்னோர் கண்ட உண்மை. அந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு ஜாதகமும் எழுதலாம், தொலைவையும் கண்டறியலாம். இரண்டையும் செய்த மனிதர் ஒருவர் இருந்தார் — ஜெர்மன் நாட்டுக் கெப்ளர்.

பிழைப்புக்காக ஜாதகம் கணித்த அதே கெப்ளர், பல்லாண்டு உழைப்பின் பயனாக 1618-இல் ஒரு விதியைக் கண்டார், 1619-இல் நூலாக்கினார். ஒரு கோள் ஞாயிற்றைச் சுற்றிவர எடுக்கும் ஆண்டுகளை அதே எண்ணால் பெருக்குங்கள். புவியின் தொலைவை ஒன்று எனக் கொண்டு, அக்கோளின் தொலைவை மும்முறை வைத்துப் பெருக்குங்கள். இரண்டும் ஒன்றாகவே வரும்! வியாழன் சுற்றிவர 11.86 ஆண்டுகள், 11.86-ஐ 11.86-ஆல் பெருக்கினால் 140.6. 5.2-ஐ மும்முறை வைத்துப் பெருக்கினாலும் அதே 140.6. ஆகவே, புவியைப்போல் 5.2 மடங்கு தொலைவில் வியாழன் இருக்கிறது. ஐயம் கொள்வோர் இன்றே தாளும் எழுதுகோலும் எடுத்துச் சரிபார்க்கலாம்; யாரிடமும் உபதேசம் பெற வேண்டியதில்லை.

மறு ஆண்டு, 1620-இல், கெப்ளரின் முதிய தாய் சூனியக்காரி என்று குற்றம்சாட்டப்பட்டுச் சிறைபிடிக்கப்பட்டார். 14 மாதங்கள் சிறை! மகனே முன்னின்று வாதாடி, 1621-இல் மீட்டார். அடுத்த ஆண்டே அந்த அன்னை மறைந்தார். விண்ணின் விதியை உலகுக்கு வழங்கியவர், மண்ணின் மடமையோடு மல்லாட வேண்டியிருந்தது.

கெப்ளர் தந்தது விகிதம் மட்டுமே. படம் கிடைத்தது, அதன் அளவு கிடைக்கவில்லை. புவிக்கும் ஞாயிற்றுக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்தால்தான் வியாழனின் தொலைவும் தெரியும்.

முகத்துக்கு நேரே விரலை நீட்டி, இடக்கண்ணால் ஒருமுறையும் வலக்கண்ணால் ஒருமுறையும் பாருங்கள். விரல் இடம் பெயர்வதாகத் தோன்றும். அந்தப் பெயர்ச்சியை அளந்தால் தொலைவு கிடைக்கும். 1672-இல் காசினி பாரிசிலிருந்தும், ரிஷே தென் அமெரிக்காவின் கயேனிலிருந்தும் செவ்வாயை நோக்கியது இந்த முறையில்தான். ஞாயிற்றின் தொலைவு சுமார் 14 கோடி கிலோமீட்டர் என்று அதிலிருந்து கணக்கிட்டனர்.

இன்னும் துல்லியமாக அளக்க, 1716-இல் ஹேலி ஒரு வழி கூறினார்: ஞாயிற்றின் முகத்தை வெள்ளி கடந்து செல்வதைப் புவியின் பல மூலைகளிலிருந்தும் பாருங்கள் என்றார். அந்நிகழ்ச்சி 1761-இலும் 1769-இலும் நேரும். அதுவரை தாம் உயிரோடிருக்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். வரும் தலைமுறைக்காகவே எழுதிவைத்தார்.

அதைக் காணத் தேர்ந்த இடங்களுள் ஒன்று புதுச்சேரி. பிரெஞ்சு அறிஞர் லெ ஜென்டில் 1760-இல் புறப்பட்டார். அவர் வந்து சேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. குறித்த நாளில் அவர் நடுக்கடலில். வானம் தெளிவு, ஆனால் ஆடும் கப்பலில் அளப்பது எங்ஙனம்? அடுத்த வாய்ப்புக்காக எட்டாண்டுகள் கிழக்கிலேயே தங்கினார். 1768-இல் புதுச்சேரி வந்து ஆய்வுக்கூடம் அமைத்தார். தமிழர் கிரகணம் கணிக்கும் முறையையும் இங்கே கற்று, அதைப் பற்றி எழுதினார். 1769 ஜூன் 4 காலை — மேகம் மூடியது! வெள்ளி கடந்து முடிந்தபின் ஞாயிறு ஒளிவீசியது. 1771-இல் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். அவர் இறந்துவிட்டதாகக் கருதி, உறவினர் சொத்தைப் பங்கிடத் துணிந்திருந்தனர்.

ஆனால் அவர் ஒருவரை மட்டும் நம்பி அறிவியல் நிற்கவில்லை. பிறர் பிற இடங்களில் கண்டதைத் தொகுத்து, 1771-இல் லலாந்து 15 கோடியே 30 லட்சம் என்றார். 1961-இல் வெள்ளியை நோக்கி ரேடார் அலைகளை ஏவி, அவை திரும்பிவந்த நேரத்தைக் கொண்டு அளந்தபோது, 14 கோடியே 96 லட்சம் என்று உறுதியாயிற்று. அதை 5.2-ஆல் பெருக்குங்கள்: 77 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர்! ஞாயிற்றின் ஒளி அங்கே சென்றடைய 43 நிமிடங்கள் ஆகின்றன. இந்தக் கணக்குகளை நம்பியே ஏவப்பட்ட பயனியர் 10 விண்கலம், 1973 டிசம்பரில் வியாழனை நெருங்கிக் கடந்து சென்றது.

14 கோடி என்றனர், பிறகு 15.3 என்றனர், அதற்கும் பிறகு 14.96 என்றனர். ‘முன்னுக்குப் பின் முரண்’ என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. திருத்தம் இழிவன்று, தோழர்களே! முன்னவர் சொன்னதைப் பின்னவர் சோதிக்கலாம், பிழையென்றால் மாற்றலாம் என்ற உரிமையே அந்த எண்ணைச் செம்மையாக்கியது. அந்த உரிமை பலன் பட்டியலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அடுத்த பெயர்ச்சியின்போது பரிகாரம் கூறுவோரைப் பணிவோடு கேளுங்கள்: ‘ஐயா, இதை நாங்களும் சோதித்துப் பார்க்கலாமா?’