ரியாத் நகரும் அப்துல்லாஹ் ஃபில்பியும்

ரியாத் என்று நாம் எழுதிப் பழகிய பெயர் அரபியில் ‘ளாத்’ எழுத்தில் முடிவதாகும். ‘ரவ்ளா’ என்னும் சொல்லின் பன்மை அது; சோலைகள் என்று பொருள். இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில் அப்பகுதிக்கு வந்தபோது அங்கிருந்த ஊருக்கு ஹஜ்ர் என்று பெயர். வாதீ ஹனீஃபாவின் அருகே, பேரீச்சந் தோப்புகள் சூழ, மண் மதிலுக்குள் அடங்கியிருந்த அவ்வூரை 40 ஆண்டுகளுக்கு மேல் அறிந்திருந்த அந்நியர் ஒருவர் உண்டு.

அவர் ஜான் ஃபில்பி என்னும் ஆங்கிலேயர். 1885இல் பிறந்தார், பிறந்த இடம் இலங்கையின் பதுளை. தந்தையார் அங்கே தோட்டத் துரையாக இருந்தவர். கேம்பிரிட்ஜில் கற்று, பஞ்சாபில் ஐ.சி.எஸ். அதிகாரியாகி, முதல் உலகப் போரின்போது இராக்குக்கு அனுப்பப்பட்டார். நஜ்தின் அமீர் அப்துல் அஸீஸைத் தம் பக்கம் நிறுத்திக்கொள்ள விரும்பிய ஆங்கில அரசு, 1917 நவம்பரில் அவரை ரியாதுக்குத் தூதனுப்பியது. உகைர் துறைமுகத்தில் இறங்கி ஒட்டகத்தின் மீது சென்ற ஃபில்பி, அமீரிடமும் அவர் ஊரிடமும் மனத்தைப் பறிகொடுத்தார்.

பின்னர் அரசுப் பணியைத் துறந்து ஜித்தாவில் குடியேறினார். 1930இல் இஸ்லாத்தைத் தழுவினார். மன்னர் அவருக்கு அப்துல்லாஹ் என்று பெயரிட்டார். வணிக ஆதாயத்துக்காகவே அவர் அவ்வாறு செய்தார் என்று எழுதியோர் உளர். கலிமாச் சொன்னவரின் நெஞ்சைப் பிளந்து பார்க்கும் பொறுப்பு நமக்கு அளிக்கப்படவில்லை. ஆகவே அதை விட்டுவிடுவோம். ஆனால் அவருடைய வணிகம் வரலாற்றுக்கு உரியது. அதைப் பேசாதிருக்க இயலாது.

மன்னருக்கு ஃபோர்டு மோட்டார் வண்டிகளை விற்ற முகவர் அவரே. மார்க்கோனி கம்பெனியின் வானொலித் தந்தி நிலையங்கள் அந்நாட்டுக்கு வருவதிலும் அவருக்குப் பங்குண்டு. அக்காலத்தில் அரசின் கருவூலம் ஹாஜிகளையே நம்பியிருந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும், ஆண்டுக்கு 1 லட்சம் அளவிலிருந்த வெளிநாட்டு ஹாஜிகளின் தொகை 1933இல் 20 ஆயிரம் அளவுக்குச் சுருங்கிற்று. ஃபில்பிக்கே வண்டிகளின் விலை பல ஆண்டுகள் பாக்கி நின்றது. இந்த நெருக்கடியிலேதான் 1933 மே மாதம் அமெரிக்கக் கம்பெனியுடன் எண்ணெய் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. முதல் தவணையாக 35,000 தங்கப் பவுன்கள் எண்ணிக் கொடுக்கப்பட்டன. அதற்கு இடைநின்று, அக்கம்பெனியிடம் ஊதியமும் பெற்றவர் ஃபில்பி!

1938இல் எண்ணெய் பொங்கியது. மதிலுக்கு வெளியே முரப்பஃ அரண்மனை எழுந்தது. 1951இல் தம்மாமிலிருந்து ரியாதுக்கு ரயில் வந்தது. மதிலும் இடிபட்டது. 1953 நவம்பரில் மன்னர் அப்துல் அஸீஸ் வஃபாத்தானார். மகனார் சஊதின் ஆட்சியில் மாளிகைகளும் ஆடம்பரமும் பெருகக் கண்ட ஃபில்பி, வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார், எழுதினார். 1955இல் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்.

அவர் கண்டித்தவற்றில் பெரும்பகுதி மெய்யே. கருவூலம் கடனில் மூழ்கி, 1958இல் நிருவாகப் பொறுப்பை இளவரசர் ஃபைசலிடம் ஒப்படைக்க நேர்ந்தது இதற்குச் சான்று. ஆயினும் வெள்ளத்தைக் குறை கூறியவர், மடையைத் திறந்த கைகளுள் தம் கையும் ஒன்று என்பதை எண்ணியிருக்க வேண்டும்.

பழைய ரியாதின் எளிமையைப் புகழ்வோர் மற்றொன்றையும் கருத வேண்டும். 1918-19 குளிர்காலத்தில், ஃபில்பி நஜ்தை விட்டு அகன்ற சிறிது காலத்தில், விஷக்காய்ச்சல் அவ்வூரைச் சூறையாடியது. மன்னரின் மூத்த மகன் துர்கியும் அதில் மாண்டார். நஜ்து மக்கள் அவ்வாண்டை ‘ஸனத்துர் ரஹ்மா’, அருளாண்டு, என்று அழைத்தனர். இறந்தோர்க்காக இறைஞ்சிய நாவுகள் சூட்டிய பெயர் அது. மருத்துவமனை இல்லாத ஊரின் எளிமை, வந்து போகும் பயணிக்கு அழகு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அன்று. இன்றைய ரியாதில் 70 லட்சம் பேர் வாழ்கின்றனர். 2024 டிசம்பரில் அங்கே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. மஸ்மக் கோட்டை மட்டும் அருங்காட்சியகமாக மண்சுவரோடு நிற்கிறது.

வெளியேற்றப்பட்ட ஃபில்பியை மறு ஆண்டே திரும்பிவர அனுமதித்தனர். தாம் குறை கூறிய அந்த நகருக்கே அவர் திரும்பினார். 1960 செப்டம்பர் 30இல் பெய்ரூத்தில் காலமானார். அங்குள்ள முஸ்லிம் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார்.