நஞ்சுக்கொடி ஆழப்பற்றல்

நஞ்சுக்கொடி ஆழப்பற்றல் அல்லது பிளசென்டா அக்ரீட்டா என்பது, குழந்தை பிறந்தபின் தானே கழன்று வெளிவர வேண்டிய நஞ்சுக்கொடி, கருப்பையின் தசைச்சுவரில் பதிந்து பிரியாமல் நிற்கும் நிலையாகும். முன்பு சிசேரியன் செய்துகொண்டவர்களிடமே இது மிகுதியாகக் காணப்படுகிறது. ஃபைப்ராய்டு எனப்படும் கருப்பை நார்த்தசைக் கட்டிகளை அகற்றிக்கொண்ட பெண்களுக்கும் ஏற்படலாம். பாஸ்டன் மருத்துவர்கள் இர்விங், ஹெர்டிக் ஆகியோர் 1937 இல் இந்நிலையை விரிவாக விவரித்தனர்.

காரணம்

நஞ்சுக்கொடிக்கும் தசைக்கும் இடையே கருப்பையின் உட்படலம் தடுப்பாக அமைந்துள்ளது. கட்டியை வெட்டியெடுத்த தழும்பில் இப்படலம் சரிவர வளராவிடில், நஞ்சுக்கொடியின் வேர் போன்ற நுண்முளைகள் நேரே தசையைப் பற்றுகின்றன. அரிதாகத் தசையைத் துளைத்துச் சிறுநீர்ப்பை வரை செல்வதும் உண்டு.

எனவே கட்டி இருந்த இடம் முக்கியமானது. வெளிப்புறக் கட்டியை, கருப்பையின் உட்குழியைத் திறக்காமல் அகற்றியிருந்தால் அபாயம் மிகக் குறைவு. உட்குழி திறக்கப்பட்டிருந்தாலோ, உள்நோக்கிக் கருவியால் குழிக்குள்ளிருந்தே கட்டி எடுக்கப்பட்டிருந்தாலோ கூடுதல் கவனம் தேவை. 'ஃபைப்ராய்டு ஆபரேஷன்' என்று மட்டும் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டு இதைத் தெரிவிக்காது.

கண்டறிதலும் பிரசவமும்

டாப்ளர் வசதியுள்ள ஸ்கேன் மூலம் பெரும்பாலும் கண்டறியலாம். நஞ்சுக்கொடி கீழிறங்கிக் கருப்பை வாயை மூடியிருந்தால் ஐயம் வலுக்கும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் செல்வதால், பிரியாத நஞ்சுக்கொடியைக் கையால் இழுத்தெடுக்க முயல்வது உயிருக்கே ஆபத்தாகும். முன்பே தெரிந்திருப்பின், பொதுவாக 34 முதல் 37 வாரங்களுக்குள் சிசேரியன் செய்து, நஞ்சுக்கொடியைத் தொடாமல் கருப்பையுடன் சேர்த்து அகற்றுவர். போதிய இரத்தம் முன்னரே தயாராக இருத்தல் வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்தில்

கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியிலிருந்து மாவட்டத் தலைநகர் திருவள்ளூருக்கு இரயிலில் செல்லச் சென்னை வந்தே மாற வேண்டும். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 இல் திறக்கப்பட்டது. சென்னையில் இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையும், 1844 இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையும் உள்ளன. தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 முதல் இயங்குகிறது. எனினும் இரத்தப்போக்கு தொடங்கியபின் ஏறத்தாழ 45 கி.மீ. பயணம் நெடியது, சேரவேண்டிய மருத்துவமனையை முன்பே முடிவுசெய்தாக வேண்டும்.

இங்குள்ள உருக்காலைகளில் பணிபுரியும் வெளிமாநிலத்தவர் குடும்பங்களில், அறுவை சொந்த ஊரில் நடந்து, சீட்டும் அங்கேயே தங்கிவிடுவதுண்டு. கர்ப்பப் பதிவின்போது 'சிசேரியன் ஆனதா' என்றால் 'இல்லை' என்பது உண்மையான விடையே. கட்டி எடுத்ததுண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும். உள்நோக்கிவழி அறுவையில் வயிற்றில் தழும்பே இராது.