கல்லறை இருக்கும் மலைக்கு: கொல்லிமலையில் உயிர்த்தெழுதல் நம்பிக்கையும் துயரமும் (1913–1974)

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, உயிர்த்தெழுதல், துயரம், மறைபணி வரலாறு, பிராண்ட் குடும்பம்

உயிர்த்தெழுதல் நம்பிக்கை அச்சத்தையும் துயரத்தையும் வென்றுவிடுகிறது என்னும் கருத்து மறைபணியாளர் வரலாறுகளில் மிகுதியாக எடுத்தாளப்படுகிறது. வெல்லுதல் என்பது துயரத்தை இல்லாமற் செய்வதா, அதனை வேறொரு திசைக்குத் திருப்புவதா என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுகிறது. தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய முதல் மடலோ அழுகையைத் தடை செய்யவில்லை. நம்பிக்கையற்றவர் துயருறும் முறையையே விலக்குகிறது. இவ்வேறுபாட்டைக் கொல்லிமலையில் பணியாற்றிய ஜெஸ்ஸி, ஈவ்லின் பிராண்ட் இணையரின் வாழ்வைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

வல்வில் ஓரியாலும் கொல்லிப்பாவையாலும் சங்க இலக்கியம் வழி அறியப்படும் இம்மலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமவெளியினர் காய்ச்சலுக்கு அஞ்சி ஏறத் தயங்கிய மலையாக இருந்தது. அன்று அது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. நாமக்கல் மாவட்டம் 1997இல்தான் உருவாயிற்று. ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த இவ்விருவரும் 1913இல் மணமுடித்து மலையேறினர். மலேரியாவைக் கொசு பரப்புவதை ரொனால்ட் ராஸ் 1897இலேயே கண்டறிந்திருந்தார். மருத்துவப் பயிற்சி பெற்றிருந்த ஜெஸ்ஸி இதனை அறியாதவரல்லர். எனவே அவர்களது துணிவு அறியாமையால் விளைந்ததன்று. மருத்துவ அறிவுக்கும் அத்துணிவில் பங்குண்டு. அனைத்தையும் நம்பிக்கையின் கணக்கிலேயே எழுதிவிடுவது வரலாறாகாது.

முதல் உலகப் போரையொட்டிப் பரவிய நச்சுக்காய்ச்சலின்போது, அச்சத்தால் கைவிடப்பட்ட நோயாளிகளுக்கு இவ்விணையர் கஞ்சி காய்ச்சி ஊட்டினர். அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவரும் அந்நோயுற்றார். இறக்குமுன் தம் பெண்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். இறப்பைக் குறித்து அவர்கள் போதித்தவற்றைவிட, தொற்றுக்கு விலகாத அக்கைகளே அவருக்குச் சான்றாக இருந்திருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு.

1929 ஜூன் 15 அன்று ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். இங்கிலாந்தில் பயின்றுவந்த மகன் பால் பிராண்டுக்கு அப்போது வயது 14. தந்தி முதலில் சென்றது. தந்தை இறப்பதற்கு முன் எழுதிய மடல் கப்பலில் அதன் பின்னரே வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோய் அறுவை மருத்துவராகப் புகழ்பெற்ற பால், கணவரை இழந்தபின் இங்கிலாந்து வந்திறங்கிய தாயைத் தாம் அடையாளம் காண இயலாது திகைத்ததைப் பதிவு செய்துள்ளார். துயரம் அவரை அந்த அளவுக்குத் தளர்த்தியிருந்தது. தாயைப் போற்றும் மகனே இதனைச் சொல்வதால் இச்சான்று வலிமையுடையது. உயிர்த்தெழுதலை ஐயமின்றி நம்பிய ஒருவரின் உடலும் துயரத்தால் கூனிற்று.

ஆயினும் ஈவ்லின் இந்தியாவுக்கே திரும்பினார். ஓய்வுபெறும் வயதில் மிஷன் அவரை மலைப்பணிக்கு அனுப்ப மறுத்தபோது, அதிலிருந்து விலகித் தம் பொறுப்பில் மலையேறினார். அப்போது வயது 70ஐ நெருங்கியிருந்தது. கொல்லிமலையோடு நில்லாமல் பச்சைமலை, கல்வராயன் உள்ளிட்ட ஐந்து மலைகளிலும் பணி செய்வதென்பது கணவரோடு கண்ட கனவு. இடுப்பெலும்பு முறிந்த பின்னும் மட்டக்குதிரையிலும் மூங்கிற்கோல்களின் துணையோடும் அவர் ஊர்தோறும் சென்றார்.

இங்கே சேலம், தருமபுரிப் பகுதி நடுகற்களை எண்ணிப் பார்க்கலாம். நடுகல் நிகழ்ந்து முடிந்த வீரச்செயலை இருப்பவர்முன் நிறுத்துகிறது. உடலின் உயிர்த்தெழுதலை நம்புவோர்க்குக் கல்லறையோ இனி நிகழவிருப்பதற்கான இடம். கணவரின் கல்லறை இருந்த மலையை ஈவ்லின் இழப்பின் எல்லையாகக் கருதாமல், இருவரும் தொடங்கிய பணி முடிவுறாத நிலமாகக் கருதியதற்கு இந்நம்பிக்கையே அடிப்படை. துயரம் நீங்கியதால் அவர் திரும்பவில்லை. அத்துயரத்துடனேயே திரும்பினார், அஞ்சத்தக்க மலை என்பதற்கு அவரைவிடச் சான்று வேறெவரும் இல்லாத நிலையில் திரும்பினார்.

1974 டிசம்பரில், 95ஆம் வயதில் அவர் இறந்தார். கொல்லிமலைக்குக் கொண்டுவரப்பட்ட அவரது உடல், சவப்பெட்டியின்றி, எளிய பருத்தித் துணியில் சுற்றப்பட்டு, ஜெஸ்ஸியின் கல்லறைக்கு அருகில் மண்ணுக்குள் வைக்கப்பட்டது.