ஓட்டை போட்ட பித்தளை

1940. இங்கிலாந்து வானம். ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கு நேர் முன்னால் ஒரு ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109. சுடப்போகும் நேரத்தில் ஜெர்மன்காரர் மூக்கைக் கீழே தள்ளிப் பாய்கிறார். இவரும் பாய்கிறார். அவ்வளவுதான், என்ஜின் இருமுகிறது. எதிரி எஸ்கேப்!

அது பரவாயில்லை. துரத்துவது ஜெர்மன்காரராக இருந்தால்? அந்தச் சில விநாடிகளில் உயிரே போய்விடும்.

டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. பிறகு என்ன கோளாறு?

வில்லன், மெர்லின் என்ஜினின் கார்புரேட்டர். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து வால்வை மூடுமே, அதே டெக்னிக்தான் அதிலும். ராட்டினம் இறங்கும்போது நமக்கு வயிறு மேலே எழும்பும் இல்லையா? அப்படித்தான் விமானம் சட்டென்று தலைகுனிந்தால் பெட்ரோல் மேலே எழும்பும். என்ஜினுக்குப் போகும் துவாரம் காய்ந்துபோகும். அது முதல் இருமல். அடுத்து மிதவை குழம்பி, வால்வு முழுசாகத் திறந்து, பம்ப் பெட்ரோலை வெள்ளமாகக் கொட்டும். பட்டினி கிடந்தவன் வாயில் அண்டா சோற்றைத் திணித்த மாதிரி. கரும்புகை கக்கி என்ஜின் நின்றுவிடும்.

ஜெர்மன் என்ஜினில் இந்தத் தொல்லை இல்லை. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் ஏற்பாடு. பிரிட்டிஷ் பைலட்கள் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி, அப்புறம் பாய்ந்தார்கள். அதற்குள் எதிரி எங்கேயோ போயிருப்பார்.

தீர்வு சொன்னவர் ஒரு பெண். பீட்ரிஸ் ஷில்லிங். ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் என்ஜினீயர். 1934ல் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் மணிக்கு 100 மைலுக்கு மேல் பைக் ஓட்டிக் காட்டிய கில்லாடி!

அவர் கண்டுபிடித்தது, நடுவில் ஓட்டை போட்ட சின்னப் பித்தளைத் துண்டு. என்ஜின் முழு வேகத்தில் ஓட எவ்வளவு பெட்ரோல் தேவையோ, அந்த அளவு மட்டும் போகிற ஓட்டை. வெள்ளம் நின்றது. விமானத்தைக் கழற்றிப் போட வேண்டியதில்லை, பெட்ரோல் குழாயில் செருகினால் போதும். 1941 தொடக்கத்தில் ஷில்லிங்கின் சிறு குழு விமானத் தளம் தளமாகப் போய் அதைப் பொருத்தியது.

முழு வைத்தியமா? இல்லை. முதல் இருமல் இருந்தது, தலைகீழாகத் தொடர்ந்து பறக்கவும் முடியாது. புது மாதிரி கார்புரேட்டர்கள் வந்த பிறகுதான் நோய் முழுசாகத் தீர்ந்தது.

ஆனால், அதுவரை பைலட்கள் உயிரோடு இருக்க வேண்டாமா? அதற்கு அந்த ஓட்டை போதுமானதாக இருந்தது.