மலையேறாத கணக்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், வளைந்து வளைந்து மேலே ஏறினால் வெள்ளிமலை வரும். கல்வராயன் மலை. கடுக்காய், புளி, தேன், சாமை, மரவள்ளி... மலையின் சொத்துப் பட்டியல் இவ்வளவுதான். இந்த மலைக்குச் சுதந்திரம் எப்போது வந்தது என்று யாராவது கேட்டால், 1947 என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். உங்களுக்குப் பாதி மார்க்தான் கிடைக்கும்.

1976 ஜூன் 25. சடைய கவுண்டர் ஜாகீர், குறும்ப கவுண்டர் ஜாகீர், அரிய கவுண்டர் ஜாகீர் என்று மூன்று துண்டாகக் கிடந்த மலை, அன்றைக்குத்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டி 28 வருஷம் கழித்து! எமர்ஜென்சி பிறந்து சரியாக ஒரு வருஷம் நிறைந்த நாள் அது. நாட்டுக்கே விலங்கு மாட்டிய தேதியில் ஒரு மலைக்கு மட்டும் விலங்கு கழன்றது. சரித்திரத்துக்கு இப்படியெல்லாம் விளையாடத் தெரியும்.

ஜாகீர் காலத்தில் நிலம் ஜாகீர்தாருடையது, உழைப்பு மலையாளி மக்களுடையது. (கேரளத்துக்காரர்கள் அல்ல. இந்த மலைகளின் பழங்குடிக்கே அதுதான் பெயர்.) வரியும் கொடுக்கணும், கூப்பிட்டபோது போய்க் கூலி இல்லாமல் வேலையும் செய்யணும். 'வெட்டி வேலை' என்று நாம் இன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொல்கிறோமே, அந்த வெட்டிதான் இது. போதாதற்கு, கீழேயிருந்து ஏறிவரும் வியாபாரி. கல்யாணமா, சாவா, விளைச்சல் பொய்த்துப்போச்சா... இந்தா பணம் என்று நீட்டுவார். அறுவடைக்கு வந்து, தானே ஒரு விலை சொல்லித் தானே எடை போட்டு வாங்கிக்கொண்டு போவார். கடன் மட்டும் அப்படியே இருக்கும். இந்தியாவின் மலைப்பகுதிகள் பலவற்றிலும் நடந்த கதை.

இதில் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கணக்கு யாரிடம் இருந்தது? கடன் கொடுத்தவரிடம். வாங்கியவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எவ்வளவு பாக்கி என்பதை எதிராளிதான் சொல்வார். ஏன் கட்டவில்லை என்பதை அந்த நோட்டில் யாரும் எழுதமாட்டார்கள். மழை பெய்யவில்லை, மாடு செத்தது, மனைவிக்குப் பிரசவம்... அதெல்லாம் கணக்கில் வராது.

மலை கை மாறிய அதே சமயத்தில்தான் இன்னொரு சட்டமும் வந்தது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாகப் பிறந்து, 1976-ல் முழுச் சட்டமான கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். அடிமையை விடுவித்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அது கடனையும் அடித்துப் போட்டது என்பது பலருக்குத் தெரியாது. கொத்தடிமைக் கடன் எதுவாக இருந்தாலும் அன்றோடு செத்தது. அதைக் கேட்டு யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. இன்னொரு பிரிவு இன்னும் பிரமாதம். 'இது கொத்தடிமைக் கடன்' என்று தொழிலாளி சொன்னால் போதும். 'இல்லை' என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவருடையது! நோட்டு எவன் கையில் இருக்கிறதோ அவனே பதில் சொல்லட்டும் என்றது சட்டம்.

இப்படிக் கடனை மறக்கச் சொல்லிச் சட்டம் போடுவது நமக்குப் புதிதும் அல்ல. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது (அன்றைக்கு முதலமைச்சருக்கு அதுதான் பேர்) 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். பழைய கடன்களில் சேர்ந்து கிடந்த வட்டி பாக்கி ரத்து. அசலைப்போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் முழுக் கடனும் தீர்ந்தது. லேவாதேவிக்காரர்கள் குய்யோ முறையோ என்று கத்தினார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதாளத்துக்குப் போயிருந்த நேரம். விவசாயி கட்டாததற்குக் காரணம் விவசாயி அல்ல என்று ஒரு அரசாங்கம் சட்டப் புத்தகத்திலேயே ஒப்புக்கொண்டது. அதுதான் அந்தச் சட்டத்தின் முக்கியத்துவம்.

சரி, இப்போது நோட்டு யாரிடம் இருக்கிறது?

அந்தக் கதை லண்டனில் தொடங்குகிறது. 1776-ல் அங்கே வியாபாரிகள் கூடி, ஏமாற்றுக்காரர்களிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ள ஒரு சங்கம் வைத்தார்கள். 'இந்த ஆசாமிக்குக் கடன் கொடுக்காதே' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள! அடுத்தது நியூயார்க். லூயிஸ் டப்பன் என்ற பட்டு வியாபாரி, 1837 நெருக்கடியில் கையைச் சுட்டுக்கொண்டவர், 1841-ல் கடன் தகவல் ஏஜென்சி ஒன்றை ஆரம்பித்தார். ஊர் ஊராக ஆள் வைத்து, கடைக்காரர்களின் யோக்கியதையைப் பற்றி எழுதி வாங்கிப் பெரிய பெரிய லெட்ஜரில் பதிந்து வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இதே டப்பன் கறுப்பின அடிமை ஒழிப்புப் போராட்டத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர்.

1899-ல் அட்லாண்டாவில் இரண்டு சகோதரர்கள் ஆரம்பித்த கம்பெனி, சாதாரண ஜனங்களின் கணக்கையும் எழுத ஆரம்பித்தது. கணக்கு என்றா சொன்னேன்? வம்பு! குடிப்பாரா, வீட்டில் சண்டையா, ஒழுக்கம் எப்படி... அக்கம்பக்கத்தில் விசாரித்து ஃபைலில் போட்டார்கள். சம்பந்தப்பட்டவருக்கு அப்படி ஒரு ஃபைல் இருப்பதே தெரியாது. ஜனங்கள் கொதித்துப்போய், 1970-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கடன் அறிக்கைச் சட்டம் போட்டது. அந்தக் கம்பெனி 1975-ல் பெயரை மாற்றிக்கொண்டது. புதுப்பெயர் ஈக்விஃபாக்ஸ். இன்றைக்கு இந்தியாவில் உங்கள் ஜாதகத்தை வைத்திருக்கும் நாலு கம்பெனிகளில் ஒன்று அது.

மற்ற மூன்று சிபில், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க். சிபில் 2000-ல் பிறந்தது. அதற்கான சட்டம் 2005-ல் வந்து, 2006 டிசம்பரில் அமலானது. கார் லோன், வீட்டு லோன் வாங்குகிற நகரத்து ஆட்களின் சமாசாரம் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். 2010-ல் ஆந்திராவில் மைக்ரோ ஃபைனான்ஸ் குமிழி வெடித்தது. ஒரே பெண்மணிக்கு நாலைந்து கம்பெனிகள் கடன் கொடுத்து நெருக்கியது அம்பலமானது. அதற்குப் பிறகு குழுக் கடன் வாங்கும் பெண்களின் கணக்கும் உள்ளே வந்தது. நல்ல நோக்கம்தான், மறுக்கவில்லை. யார் தலையில் எவ்வளவு கடன் என்று தெரிந்தால்தான் மேலும் மேலும் ஏற்றாமல் இருப்பார்கள்.

ஆனால், 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட மைக்ரோ ஃபைனான்ஸ் விதிகளைப் பாருங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைக் கடன் தகவல் நிறுவனத்துக்குக் கட்டாயம் தெரிவிக்கணும். ஆக, கள்ளக்குறிச்சியில் குழுக் கடன் வாங்கும் ஒரு பெண்ணின் வருமானம் மும்பையில் இருக்கிற கம்ப்யூட்டருக்குத் தெரியும். தவணை தவறினால், எத்தனை நாள் தவறியது என்பதும் தெரியும். மரவள்ளி விலை விழுந்தது தெரியாது. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தது தெரியாது. பழைய நோட்டில் இல்லாத அதே வரி, புது நோட்டிலும் இல்லை.

தவறான பதிவைத் திருத்தச் சொல்ல நமது 2005 சட்டத்தில் வழி இருக்கிறது. பதிவு சரி, ஆனால் காரணம் இது என்று சொல்ல ஒரு பிரிவு கிடையாது. இங்கிலாந்தில் 1974-லேயே கடன் சட்டத்தில் இதற்கு இடம் விட்டார்கள். 200 வார்த்தைக்குள் உங்கள் தரப்பை எழுதிக் கொடுக்கலாம். உங்கள் ஃபைலை யார் பார்த்தாலும் அதுவும் சேர்ந்தே போகும்.

காலக்கெடு சங்கதி இன்னும் சுவாரஸ்யம். பொதுவாக அமெரிக்காவில் கெட்ட பதிவு ஏழு வருஷத்துக்கு மேல் அறிக்கையில் இருக்கக்கூடாது. இந்தியாவிலும் அதே ஏழுதான். ஆனால் நம் விதியில் 'குறைந்தபட்சம் ஏழு வருஷம்' வைத்திருக்கணும்! அங்கே ஏழு கூரை, இங்கே ஏழு தரை. அதே எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு நாடுகள் நேரெதிராக யோசித்திருக்கின்றன.

'அதெல்லாம் நம்மூரில் நடக்காதுங்க' என்கிறீர்களா? நடந்திருக்கிறது. 2020 மார்ச் 27. கொரோனா ஊரடங்கு. ரிசர்வ் வங்கி தவணைகளைத் தள்ளிப்போட அனுமதித்தது. அப்படித் தள்ளிப்போனதைத் தவறிய தவணையாகக் கடன் தகவல் நிறுவனங்களிடம் சொல்லக்கூடாது என்றும் உத்தரவு போட்டது. வானம் இடிந்து விழவில்லை. வெள்ளம், புயல் மாதிரிப் பேரிடர்களுக்கும் சலுகை விதிகள் உண்டு. அரசாங்கம் அறிவிக்கிற பேரிடர் என்றால் சட்டத்துக்குக் கண் தெரிகிறது. ஒரே ஒரு குடும்பத்துக்கு மட்டும் வருகிற பேரிடரை யார் அறிவிப்பார்கள்?

இதற்குத்தான் ஆஸ்திரேலியா சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் நிறைவேறி, 2022 ஜூலை 1 முதல் நடைமுறை. கஷ்டத்தில் இருப்பவர் வங்கியோடு பேசி, குறைத்துக் கட்ட ஏற்பாடு செய்துகொண்டால், அறிக்கையில் அதற்கென ஒரு குறி விழும். ஒப்புக்கொண்டபடி கட்டினால் தவறியவர் பட்டியலில் சேரமாட்டார். அந்தக் குறி 12 மாதம்தான் இருக்கும். அதை வைத்து ஸ்கோரைக் குறைக்கக்கூடாது. என்ன கஷ்டம் என்ற விவரமும் அதில் இருக்காது.

அந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காரணத்தை எழுதச் சொல்வது சுலபம். எழுதிய காரணம் யார் கையில் போகும்? 'புற்றுநோய்', 'கணவன் பிரிந்து போனான்' என்று ஃபைலில் ஏறிவிட்டால், அட்லாண்டா கம்பெனியின் வம்பு நோட்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஆன்லைன் லோன் ஆப்கள் போனில் இருக்கிற நம்பர்களை எல்லாம் உருவி, சொந்தக்காரர்களுக்கு போன் போட்டு மானத்தை வாங்கிய கூத்தையும் பார்த்தோமே. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தலையிட்டுத் தடை போட வேண்டியிருந்தது. நமது 2023 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டால், கடன் கட்டத் தவறியவரின் சொத்து, வரவு-செலவு விவரங்களைத் திரட்டுவதற்கு அதில் விதிவிலக்கே இருக்கிறது. கஷ்டப்படுகிறவனுக்குத்தான் அந்தரங்கம் அதிகம் தேவை. அவனுக்குத்தான் சட்டம் வேலியில் ஓட்டை வைத்திருக்கிறது.

ஸ்கோர் கடனோடு நின்றாலும் பரவாயில்லை. 2023-ல் கேரள உயர் நீதிமன்றம், சிபில் ஸ்கோர் குறைவு என்பதற்காகக் கல்விக்கடனை மறுக்கக்கூடாது என்றது. 2025 ஜூனில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வேறு ஒரு வழக்கு. ஸ்டேட் வங்கி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, பழைய கடன் பதிவு சரியில்லை என்று வங்கி ரத்து செய்தது. செல்லும் என்று தீர்ப்பு. அதே வருஷம், கூட்டுறவு சங்கப் பயிர்க்கடனுக்கும் சிபில் அறிக்கை பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை கிளம்பியதும் தமிழ்நாடு முழுக்க விவசாயிகள் கொந்தளித்தார்கள். கூட்டுறவு சங்கம் என்பது, வங்கி வாசல் மிதிக்க முடியாதவனுக்காக உண்டான இடம். அங்கேயும் அதே கதவா என்பது அவர்கள் கேள்வி. அதில் எனக்கும் உடன்பாடுதான்.

சட்டம் திருந்துகிறவரை, இருக்கிற உரிமையையாவது பயன்படுத்துங்கள். நாலு கம்பெனிகளும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும், 2017-லிருந்து இது விதி. தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. 2024 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எல்லாமே ஆன்லைன் வேலை. கல்வராயன் மலையின் உள் கிராமத்துப் பெண்மணிக்கு இதற்கு முதலில் செல்போன் சிக்னல் வேண்டும், அல்லது கள்ளக்குறிச்சிக்கு பஸ் பிடித்து இறங்கி வர வேண்டும்.