ஆகோளுக்கு முந்திய துறை

ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த மூன்று நடுகற்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. பெரும்பகுதி காலத்தைப் பற்றியது. தமிழ் பிராமி எழுத்துள்ள இக்கற்கள் கிறிஸ்துவுக்கு எத்தனை நூற்றாண்டு முந்தியவை என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. என் அக்கறை வேறு. ஒரு கல்லில் இருப்பது இவ்வளவுதான்: பேடு தீயன் அந்தவன் என்றொரு பெயர், கூடலூர் என்று ஓர் ஊர், ஆகோள் என்று ஒரு செயல். உருவம் இல்லை, அரசன் இல்லை, புகழுரை இல்லை. இறந்தான் என்ற சொல்கூட இல்லை.

தொல்காப்பியம் வெட்சித் திணைக்குச் சொல்லும் பதினான்கு துறைகளில் ஆகோள் ஏழாவது. இலக்கணத்தின் சொல் ஊரார் நட்ட கல்லில் இருப்பது நம்மைப் பரவசப்படுத்துகிறது, நியாயம்தான். ஆனால் ஏழாவதற்கு முன் ஆறு இருக்கின்றன. படை கிளம்பும் அரவம், பாக்கத்தில் விரிச்சி கேட்டல், பகைவர் ஒற்றர் அறியாதபடி போகும் செலவு, நான்காவது வேய். அதாவது ஒற்றிப் பார்த்து வந்து சொல்வது. நிரை எங்கே நிற்கிறது, காவல் எத்தனை பேர், எந்த வழியில் நெருங்கலாம் என்று தெரிந்த பிறகே ஊரைச் சூழ்வதும் கொல்வதும் கவர்வதும். சூறையைக்கூட இப்படிப் பகுத்துப் பார்த்த மரபு, பார்வையைப் போர்த் தொழிலின் ஓர் அங்கமாகவே வைத்திருக்கிறது.

கல் சொல்லும் கூடலூர் கம்பம் பள்ளத்தாக்கின் இன்றைய கூடலூர்தான் என்று கொண்டால் இது இன்னும் தெளிவாகும். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவில் முல்லையாறு. சரிவில் நிற்பவனுக்குத் தரை முழுதும் தெரியும். மாடு திரும்பும் நேரத்துப் புழுதி தெரியும். தரையில் இருப்பவனுக்கு மரங்களுக்குள் நிற்பவனைத் தெரியாது. வேய் இல்லாமல் இங்கே ஆகோள் இல்லை.

ஒற்றனுக்கு என்ன கிடைத்தது? புறப்பொருள் வெண்பாமாலை இதற்குப் புலனறி சிறப்பு என்றே ஒரு துறை வைத்திருக்கிறது: பகைப்புலத்தை அறிந்து சொன்னவர்களுக்கு வென்றவர்கள் தம் பங்கைவிட அதிகம் கொடுப்பது. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரமோ ஒற்றனைப் பிறர் அறியச் சிறப்பிக்காதே, மறைபொருள் வெளியாகிவிடும் என்கிறது. பாதீட்டில் பெரும்பங்கு, பகிரங்கத்தில் ஒன்றுமில்லை. ஒற்றனுக்கென நட்ட கல் எதையும் நான் கண்டதில்லை. கண்டவன் மறைந்துபோகிறான், பட்டவன் நிற்கிறான்.

ரோமானியருக்கு இது எழுத்தில் பதிவான விஷயம். கி.மு. 58-ல் ஹெல்வெத்தியரைத் தொடர்ந்து சென்ற சீசர், அவர்கள் மலையடியில் தங்கியிருப்பதை ஒற்றர் மூலம் அறிந்து, இரவோடு இரவாக லபியேனஸை மலையுச்சிக்கு அனுப்பினார். உச்சி கைக்கு வந்துவிட்டது. விடிந்ததும் கான்சிடியஸ் குதிரையை விரட்டிக்கொண்டு வந்து, உச்சியில் இருப்பது பகைவர், அவர்களுடைய ஆயுதங்களையும் சின்னங்களையும் கண்டேன் என்றான். சல்லாவிடமும் கிராஸஸிடமும் படைத்தொழில் பழகிய அனுபவஸ்தன். சீசர் பின்வாங்கினார். பகல் வெகுவாகக் கழிந்த பிறகுதான் வேறு ஒற்றர்கள் மூலம் உண்மை தெரிந்தது. பயத்தால் காணாததைக் கண்டதாகச் சொன்னான் என்று சீசரே எழுதிவைத்தார்.

கான்சிடியஸ் பொய் சொன்னவனாக எனக்குப் படவில்லை. எதிர்பார்த்ததைக் கண்டான். இதற்கு வள்ளுவர் சொல்லும் மாற்று எளியது: ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை மற்றோர் ஒற்றனால் ஒற்றிக்கொள், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால் நம்பு. நான் வேலை பார்க்கும் வங்கியிலும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்காமல் பணம் நகராது. இது அவநம்பிக்கை அல்ல. கண்ணைப் பற்றிய அறிவு.

நம் பழமையைப் பார்ப்பதில் இந்த அறிவு நமக்கு இருக்கிறதா? புலிமான்கோம்பைக் கல்லைக் கண்டதும் நாம் வெட்சி வீரனைக் கண்டோம். ஆனால் அந்தவன் நிரை கவரப் போய்ப் பட்டானா, நிரை மீட்கப் போய்ப் பட்டானா என்று கல் சொல்லவில்லை. முன்னதானால் வெட்சி, பின்னதானால் கரந்தை. ஒரே சொல்லின் இரு கரைகள். கான்சிடியஸுக்குப் பயம்; நமக்குப் பெருமை. தூரத்திலிருந்து பார்ப்பவனை இரண்டும் ஒரே மாதிரிதான் ஏமாற்றும். தொல்காப்பியம் ஓர் ஒற்றன், கல் இன்னோர் ஒற்றன். இருவரும் ஒரு சொல்லில் ஒத்திருக்கிறார்கள். மூன்றாமவனை மண்ணுக்குள்தான் தேடவேண்டும். அதுவரை, கல் சொன்னதை மட்டும் சொல்ல நமக்குத் தெரிய வேண்டும். ஆகோள் நடந்தது. ஒருவன் பெயர் இருக்கிறது. அவனுக்கு முன்னால் போய்ப் பார்த்து வந்தவனின் பெயர் இல்லை.